தண்ணி தாண்டக் கூடாத கோடு

இன்னைக்கு எபிசோட் ஒரு காலிங் பெல் சத்தத்துல ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலை. கதவைத் திறந்தா கீழ் வீட்டு அங்கிள் நிக்கிறார். கையில போன், போன்ல ஒரு போட்டோ. அவங்க பாத்ரூம் சீலிங்ல மஞ்சளா ஒரு கறை. நடுவுல பெயின்ட் உப்பிப் போய் தொங்குது. "தம்பி, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சுட்டேன். உங்க வீட்டுல இருந்துதான் இறங்குதுன்னு நினைக்கிறேன்"னு சொன்னார்.

பிளம்பர் வந்தார். பைப் எல்லாம் அடைச்சு வச்சு சோதிச்சார். பைப்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஷவரைத் திறந்து விட்டுட்டு, வெளியில குந்தி உட்கார்ந்து, எங்க கண்ணாடிக் கதவோட அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தார். "இங்க பாருங்க சார்"னு விரலை வச்சுக் காட்டினார். கதவுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி. கீல் பக்கம் சின்ன விரல்கூட நுழையாது, கைப்பிடி பக்கம் தாராளமா நுழையும். அந்த இடைவெளி வழியா தினமும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி வெளிய வந்திருக்கு.

சரி, இதுக்கு என்ன பண்றதுன்னு கண்ணாடி போட்டவரைக் கூப்பிட்டோம். அவர் ரொம்ப சுலபமா ஒரு வழி சொன்னார். கதவுக்கு அடியில மூணு அங்குலத்துக்கு ஒரு கிரானைட் மேடு கட்டிடலாம். கட்டினோம். தண்ணி நின்னுச்சு. நாலாவது நாள் எங்க ஆச்சி அந்த மேட்டுல கால் தடுக்கி, டவல் கம்பியைப் பிடிச்சுத் தப்பிச்சாங்க. ஆச்சிக்கு 79 வயசு. கம்பி மட்டும் கைக்குக் கிடைக்கலன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா இன்னிக்கும் எனக்கு வயித்தைக் கலக்குது.

அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வியோட உட்கார்ந்தேன். தண்ணியைத் தடுக்கிற அதே மேடு மனுஷங்களையும் தடுக்குதே, இதுக்கு முன்னாடி வாழ்ந்தவங்க இதை எப்படிச் சமாளிச்சாங்க? அந்தத் தேடல்தான் இந்த எபிசோட்.

வாட்டம்

முதல்ல மொகஞ்சதாரோவுக்குப் போவோம். இன்னைக்கு பாகிஸ்தானோட சிந்து மாகாணத்துல இருக்கு. சுமார் 4,500 வருஷத்துக்கு முந்தைய நகரம். 1920களில் அங்கே அகழாய்வு நடந்தப்போ, வீடு வீடா ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கிடைச்சது: குளிக்கிற மேடை. பெரும்பாலும் தெருப் பக்கச் சுவரை ஒட்டின ஒரு சின்ன அறை. தரையில சுட்ட செங்கல்லைப் படுக்க வைக்காம, பக்கவாட்டுல நிறுத்தி, நெருக்கி நெருக்கிப் பதிச்சிருக்காங்க. ஓரத்துல தாழ்வா ஒரு விளிம்பு. தரை முழுக்க ஒரு மூலையை நோக்கிச் சரியுது. அந்த மூலையில இருந்து ஒரு வடிகால் சுவர் வழியா தெருச் சாக்கடைக்குப் போகுது.

அந்தச் சரிவுக்கு நம்ம ஊர் கொத்தனார் கிட்ட ஒரு அழகான சொல் இருக்கு: வாட்டம். "வாட்டம் சரியில்ல சார், தண்ணி நிக்கும்"னு எத்தனை தடவை கேட்டிருப்போம்? தண்ணியைத் தடுக்கிறதுக்கு முன்னாடி, அது எங்க போகணும்னு அதுக்கு ஒரு வழி சொல்லிடணும். வழி இருந்தா அது தானாப் போயிடும், வழி இல்லன்னா அதுவே ஒரு வழியைக் கண்டுபிடிச்சுக்கும். கீழ் வீட்டு சீலிங் உள்பட.

அதே ஊர்ல இருக்கிற பெருங்குளத்தைப் பாடப்புத்தகத்துல பார்த்திருப்பீங்க. சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். அதோட செங்கல் இணைப்புல ஜிப்சம் கலந்த சாந்து, சுவருக்குப் பின்னாடி ஒரு அடுக்கு இயற்கைத் தார். அதாவது கண்ணுக்குத் தெரியிற செங்கல்லை மட்டும் நம்பல. அது கசிஞ்சா பின்னாடி தாங்க இன்னொரு அடுக்கு. இன்னைக்கு டைல்ஸுக்கு அடியில வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு போடுறோமே, அதுவும் இதே யோசனைதான். டைல்ஸ் தண்ணியைத் தடுக்கும்னு நாம நினைக்கிறோம். ஆனா டைல்ஸுக்கு நடுவுல இருக்கிற சிமென்ட் கோடு தண்ணியை மெதுவா உள்ள விடும். உண்மையான தடுப்பு நாம பார்க்காத அந்த அடி அடுக்குதான்.

எங்க சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பழைய வீட்டுல அங்கணக்குழி உண்டு. பாத்திரம் கழுவ, கை கால் கழுவ வீட்டுக்குள்ளயே கொஞ்சம் தாழ்த்திக் கட்டின இடம். ஓட்டை வழியா தண்ணி தோட்டத்து வாழைக்குப் போகும். ஆச்சி அதைப் பத்திச் சொல்லும்போது, "அங்க எவன்யா கதவு போட்டான்? பள்ளம் இருந்துச்சு, தண்ணி போச்சு"ன்னு சொன்னாங்க. இந்த வரியை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

மூலை

அடுத்து ரோம். ரோமானியர்கள் தண்ணித் தொட்டி கட்டும்போது சுண்ணாம்புல உடைச்ச ஓட்டுத்தூளைக் கலந்து பூசுவாங்க. தண்ணி புகாத பூச்சு. அதுல எனக்குப் பிடிச்சது மூலைதான். சுவரும் தரையும் சேர்ற இடத்தை அவங்க கூர்மையா விடல. அந்த மூலை நெடுக கால்வட்டமா உருட்டி ஒரு பட்டை பூசினாங்க. ஏன்னா ரெண்டு பரப்பு சேர்ற இடம்தான் முதல்ல விரிசல் விடும். சுவர் ஒரு மாதிரி அசையும், தரை வேற மாதிரி அசையும்.

இந்த ஓட்டுத்தூள் விஷயம் நமக்கும் புதுசு இல்ல. நம்ம ஊர்ல அதுக்கு சுர்க்கின்னு பேர். செங்கல்லைப் பொடியாக்கி சுண்ணாம்போட சேர்க்கிறது. 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த சாந்துல கட்டினதுதான். உருட்டின மூலையும் இன்னும் உயிரோட இருக்கு. பாத்ரூம் தரையை உடைச்சு வேலை செய்யும்போது பாருங்க, நல்ல மேஸ்திரியா இருந்தா டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி மூலையை சாந்து வச்சு உருட்டுவார். அவருக்கு ரோமைப் பத்தி யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. தண்ணிதான் சொல்லிக் கொடுத்திருக்கும்.

தொட்டியும் திரையும்

இப்போ ஷவருக்கு வருவோம். 1767-ல லண்டன்ல அடுப்பு செய்யிற வில்லியம் ஃபீதம்னு ஒருத்தர் ஒரு ஷவருக்குக் காப்புரிமை வாங்கினார். கீழ ஒரு தொட்டி, மேல ஒரு தொட்டி. கை பம்பால தண்ணியை மேல ஏத்தணும். சங்கிலியை இழுத்தா தலையில கொட்டும். கொட்டின தண்ணி கீழ் தொட்டிக்கு வரும், அதையே மறுபடி மேல ஏத்தணும். அழுக்குத் தண்ணியே சுத்திச் சுத்தி வரும். ஆமா, நானும் முகம் சுளிச்சேன்.

இந்த மாதிரி ஷவர் நிக்கிறது குளிக்கிறதுக்குன்னே கட்டின அறையில இல்ல, கம்பளம் விரிச்ச படுக்கையறையில. அதனால தண்ணி வெளிய தெறிக்கவே கூடாது. அதுக்கு வந்த வழி, சுத்தி ஒரு துணித் திரை. அந்தத் திரையோட அடி முனை தொட்டிக்கு உள்ள விழணும். வெளிய விழுந்தா தண்ணி துணி வழியா வழிஞ்சு கம்பளத்துக்குப் போயிடும்.

இது நம்ம கூரை விதிதான். ஓடு வேயும்போது மேல் வரிசை ஓடு கீழ் வரிசை ஓட்டு மேல படியும். தென்னங்கீத்து முடைஞ்சு போட்டாலும் அப்படித்தான். தண்ணி கடைசியா விடைபெறுகிற முனை எங்க இருக்கோ, அதுக்கு நேர் கீழ அதை வாங்கிக்கிற இடம் இருக்கணும். ஷவர் திரை இந்த விதியைக் கச்சிதமா பின்பற்றுது. விலையும் குறைவு. கீல் வச்ச கண்ணாடிக் கதவு இந்த விதியை மீறுது. பிரச்சனை அங்கதான் தொடங்குது.

வெட்ட முடியாத கண்ணாடி

சாதாரண கண்ணாடியை பாத்ரூம்ல வைக்க முடியாது. உடைஞ்சா கத்தி மாதிரி துண்டாகும். ஈரத் தரை, வழுக்குற கால், பக்கத்துல கத்தி. நினைச்சுப் பாருங்க. பத்திரமான கண்ணாடிக்கான குறிப்பு 17-ஆம் நூற்றாண்டுலயே கையில இருந்தது. உருகின கண்ணாடிச் சொட்டைத் தண்ணியில போட்டா, வால் முளைச்ச ஒரு கண்ணாடித் துளி கிடைக்கும். தலையில சுத்தியலால அடிச்சாலும் சுலபத்துல உடையாது. வாலை லேசாக் கிள்ளினா மொத்தமும் தூளாயிடும். இளவரசர் ரூபர்ட் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்ததால அவர் பேர்லயே அது நிலைச்சுது. ராயல் சொசைட்டி அறிஞர்கள் 1661-லயே இதை வச்சு மண்டையை உடைச்சுக்கிட்டாங்க.

1874-ல ஃபிரான்ஸைச் சேர்ந்த தெ லா பாஸ்தி இந்த விளையாட்டைத் தொழிலாக்கினார். சூடான கண்ணாடியை எண்ணெய், கொழுப்புக் கலவையில முக்கிக் குளிர வச்சு, கடினக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நாம டஃபன்டு கிளாஸ்னு சொல்றதோட முன்னோடி அது. இப்போ குளிர்ந்த காத்தை வேகமா ஊதிக் குளிர வைக்கிறாங்க. மேல் பரப்பு இறுகி அழுத்தத்துல இருக்கும், உள்ள இழுவிசை இருக்கும். உடைஞ்சா கத்தியா உடையாம சின்னச் சின்னக் கட்டியா உதிரும்.

இதுக்கும் கதவு ஒழுகறதுக்கும் என்ன சம்பந்தம்? டஃபன்டு கிளாஸை டஃபன் பண்ணின பிறகு வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது, ஓரத்தைச் செதுக்கவும் முடியாது. தொட்டா மொத்தமும் உதிர்ந்துடும். மரக் கதவு தரையில உரசினா ஆசாரி இழைப்புளியால ரெண்டு இழுப்பு இழுத்துடுவார். கண்ணாடிக்கு அந்த வழியே இல்ல. அதனால கண்ணாடி போடுறவர் முன்னெச்சரிக்கையா அடியில இடைவெளி விட்டுத்தான் அளவு எடுப்பார். தரை ரசமட்டத்துக்குச் சரியா இருந்தா இடைவெளி ஒரே சீரா வரும். தரை கோணலா இருந்தா, கண்ணாடி நேரா நிக்கும், இடைவெளி மட்டும் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் விரியும். எங்க வீட்டுக் கதையும் அதுதான். கண்ணாடி மேல தப்பே இல்ல, தரை கோணல்.

ஒட்டுற பட்டை

அந்த இடைவெளியை மூடத்தான் கதவு அடியில மெத்துன்னு ஒரு பிளாஸ்டிக் பட்டை வைப்பாங்க. அது பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட பிவிசி. 1872-ல ஜெர்மன் வேதியியலாளர் ஆய்கன் பௌமன் பிவிசியைப் பார்த்துக் குறிச்சு வச்சார். ஆனா அது விறைப்பா, உடையுற மாதிரி இருந்ததால ரொம்ப நாள் யாரும் பெரிசா சீண்டல. 1926-ல அமெரிக்காவுல, பி.எஃப். குட்ரிச் டயர் நிறுவனத்துல வேலை பார்த்த வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோட ஒட்ட வைக்க ஒரு பசை தேடிக்கிட்டிருந்தார். பிவிசியை ஒரு திரவத்துல போட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கல. ஆனா ஆறினதும் வளையுற, துள்ளுற ஒரு பொருள் கையில இருந்தது. ஷவர் திரை, மழைக்கோட்டு, ஒயர் உறை எல்லாம் அதுல இருந்துதான் பெருகிச்சு.

பிவிசியை மெத்துன்னு வச்சிருக்கிறது அதுக்குள்ள கலந்த அந்தத் திரவம் மாதிரியான பொருள்தான். வருஷம் போகப் போக அது மெதுவா வெளியேறும். அப்போ பட்டை மஞ்சளாகும், விறைக்கும், சுருங்கும். அதனால பட்டை ஆயுசுக்கும் வர்ற பொருள் இல்ல. வண்டி பிரேக் ஷூ மாதிரி அப்பப்போ மாத்த வேண்டிய பொருள். நாம யாரும் மாத்துறது இல்ல.

சிலிகான் கதையும் கிட்டத்தட்ட அதே மாதிரி. நாட்டிங்ஹாம்ல ஃபிரெடரிக் கிப்பிங் பல வருஷம் சிலிகான் சேர்மங்களை ஆராய்ஞ்சார். நடைமுறைப் பயன் வரும்னு அவருக்கே நம்பிக்கை இல்ல. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல, 1943-ல, டௌ கார்னிங் நிறுவனம் அதைத் தொழிலாக்கிச்சு. இன்னைக்கு ஒழுகுற இடத்துல எல்லாம் சிலிகானைப் பிதுக்கி விடுறோம். ஆனா ஒரு எச்சரிக்கை. அலுமினிய ஃபிரேம் வச்ச ஷவரா இருந்தா, அடி சட்டத்துல உள்பக்கம் பார்த்து சின்னத் துளைகள் இருக்கும். சட்டத்துக்குள்ள போன தண்ணி திரும்பி உள்ள வடியறதுக்கான வழி அது. ஆர்வக் கோளாறுல அதையும் அடைச்சீங்கன்னா, தண்ணிக்கு வெளிய வர்றதைத் தவிர வேற வழி இருக்காது.

டபரா விளைவு

இப்போ ஒரு சமையலறைக் கதை. ஜெர்மனியில ஆக்னஸ் பொக்கல்ஸ்னு ஒரு பெண், 1862-ல பிறந்தவங்க. அந்தக் காலத்துல அங்க பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கல. வீட்டுல பெற்றோரைப் பார்த்துக்கிட்டே, பாத்திரம் கழுவும்போது தண்ணி மேற்பரப்புல எண்ணெயும் சோப்பும் என்ன செய்யுதுன்னு கவனிச்சாங்க. தகரத் தொட்டி ஒண்ணை வச்சு பரப்பு இழுவிசையை அளந்தாங்க. 1891-ல அதை இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபுவுக்குக் கடிதமா எழுதினாங்க. அவர் அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி வச்சார், அச்சாச்சு.

அந்தப் பரப்பு இழுவிசையும் தண்ணியோட ஒட்டுற குணமும்தான் நம்ம கதவடியில வேலை செய்யுது. டபராவுல இருந்து காபியை டம்ளருக்கு மெதுவா ஊத்திப் பாருங்க. காபி நேரா விழாம, விளிம்பைச் சுத்தி வளைஞ்சு, டபராவோட அடிப்பக்கமா வழிஞ்சு உங்க சட்டையில விழும். வேகமா ஊத்தினா விழாது. 1956-ல மார்க்கஸ் ரைனர்ங்கிற விஞ்ஞானி இதுக்கு டீ பாட் விளைவுன்னே பேர் வச்சார். நம்ம ஊர்க்காரரா இருந்திருந்தா டபரா விளைவுன்னு வச்சிருப்பார்.

கண்ணாடி மேல வழியிற தண்ணி மெதுவான தண்ணி. அது அடி முனைக்கு வந்ததும் டக்குனு கீழ விழாது. முனையைப் பிடிச்சுக்கிட்டு, அடிப்பக்கமா நகர்ந்து, வெளிப்பக்கம் வந்துதான் விழும். கட்டடக்காரங்களுக்கு இது ரொம்பப் பழைய எதிரி. சன்ஷேடுக்கு அடியில ஓரத்தை ஒட்டி நீளமா ஒரு பள்ளக்கோடு இருக்கும், அடுத்த தடவை அண்ணாந்து பாருங்க. மழைத்தண்ணி அடிப்பக்கமா ஊர்ந்து சுவருக்கு வராம, அந்தக் கோட்டுல தடுக்கி விழறதுக்குத்தான் அது.

ஷவர் கதவுக்கும் அதே வைத்தியம் உண்டு. நல்ல பட்டையில உள்பக்கம் சாய்வா ஒரு சின்ன நாக்கு நீட்டியிருக்கும். கண்ணாடியில வழியிற தண்ணி அந்த நாக்குல ஏறி, உள்ள தள்ளி விழும். திரை தொட்டிக்குள்ள விழுந்த மாதிரி. எங்க வீட்டுல பட்டை இருந்துச்சு, நாக்கு வெளிப்பக்கம் பார்த்து மாட்டியிருந்தது. தண்ணியை நாங்களே கைபிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்திருக்கோம்.

கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?

சரி, கதவை உள்பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி வச்சா, கதவுல ஒட்டின தண்ணி உள்ளயே சொட்டுமே? ஏன் வெளிய திறக்கணும்?

அமெரிக்காவுல வீடு கட்டுற விதித்தொகுப்பு ஒண்ணு, கீல் வச்ச ஷவர் கதவு வெளிப்பக்கம் திறக்கணும்னு தெளிவாச் சொல்லுது. காரணம் யோசிச்சா புரியும். உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா, அவங்க உடம்பு கதவுக்குக் குறுக்க கிடக்கும். உள்பக்கம் திறக்கிற கதவை வெளியில இருந்து தள்ளினா, விழுந்தவங்க மேலதான் தள்ளணும். அதனால கதவைத் திறக்கும்போது வெளிய சொட்டுற அந்த நாலு சொட்டு, ஒரு உயிரைக் காப்பாத்த நாம ஒத்துக்கிட்ட விலை.

அதே விதித்தொகுப்புலதான் ஷவர் தளத்தோட வாசல் மேடு, வடிகாலோட மேல்மட்டத்துல இருந்து குறைஞ்சது ரெண்டு அங்குலம் உயரம் இருக்கணும்னு இருக்கு. வடிகால் அடைச்சுக்கிட்டா தண்ணி உடனே வெளிய பாயக் கூடாது இல்லையா? தரை வாட்டம் ஒரு அடிக்குக் கால் அங்குலம். அதாவது ஒரு மீட்டருக்கு சுமார் 2 செ.மீ.

ஆனா அந்த நாட்டுலயே இன்னொரு வரலாறும் ஓடிக்கிட்டிருந்தது. போர்ல காயப்பட்டு சக்கர நாற்காலியில திரும்பின வீரர்கள் படிக்க வந்தப்போ, இல்லினாய் பல்கலைக்கழகத்துல டிமதி நுஜென்ட் அவங்களுக்கான திட்டத்தை நடத்தினார். படியும் மேடும் இருக்கிற வரைக்கும் கல்விக் கதவு திறந்திருந்தும் பிரயோஜனம் இல்லன்னு அங்க புரிஞ்சது. அவர் முன்னின்று நடத்தின வேலையில இருந்து 1961-ல அமெரிக்காவோட முதல் தடையற்ற கட்டடத் தரநிலை வந்தது. அப்போ அது கட்டாயம் இல்ல. பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 1990-ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதோட 2010 தரநிலைப்படி, சக்கர நாற்காலியோட நேரா உள்ள போற ஷவருக்கு வாசல் மேடு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு விதி ரெண்டு அங்குலம் வேணும்னு சொல்லுது, இன்னொரு விதி அரை அங்குலம் போதும்னு சொல்லுது. முதல் விதி தண்ணியை நினைச்சு எழுதினது. ரெண்டாவது மனுஷங்களை நினைச்சு எழுதினது. எங்க வீட்டுக் கிரானைட் மேடு மூணு அங்குலம். அதைக் கட்டும்போது தண்ணியை மட்டும்தான் நினைச்சிருக்கோம். ஆச்சியை யாருமே நினைக்கல. நானும்தான்.

அப்போ மேட்டைக் குறைச்சா தண்ணியை எது தடுக்கும்? மறுபடி மொகஞ்சதாரோதான். வாட்டம். மேடு உயர முடியலன்னா, பள்ளம் ஆழமாகணும்.

நாங்க என்ன செஞ்சோம்?

நம்ம ஊர் அபார்ட்மென்ட்ல பாத்ரூம் கான்கிரீட் தளத்தையே மத்த அறையை விடக் கொஞ்சம் இறக்கித்தான் போடுவாங்க. சங்கன் ஸ்லாப்னு சொல்வாங்க. அந்தப் பள்ளத்துல பைப்பைப் படுக்க வச்சு, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேல டைல்ஸ் ஒட்டுவாங்க. இதுல ஒரு கெடுதல், ஒரு நல்லது. கெடுதல் என்னன்னா, கசியிற தண்ணி அந்த ஜல்லிக்குள்ள மாசக்கணக்கா தேங்கி நின்னு, அப்புறம்தான் கீழ் வீட்டுக்கு முகம் காட்டும். நல்லது என்னன்னா, தரையை இன்னும் கொஞ்சம் இறக்க அங்க இடம் இருக்கு.

பக்கெட்டும் மக்குமா குளிச்ச காலத்துல நம்ம பாத்ரூம் முழுக்க ஈர இடம்தான். மொத்தத் தரையும் நஹானி ட்ராப்பை நோக்கி வாட்டமா இருக்கும். கண்ணாடி வந்த பிறகு பாதியை டிரை ஏரியான்னு பிரிச்சோம். எங்க வீட்டுல அந்தப் பாதிக்கு வாட்டமும் இல்ல, வடிகாலும் இல்ல. அங்க வந்த தண்ணிக்கு டைல்ஸ் இடுக்குதான் ஒரே வழி.

மேஸ்திரி ஒருத்தர் கிடைச்சார். முதல்ல ஒரு சோதனை செய்யச் சொன்னார். வெளித்தரையைத் துடைச்சுக் காய வச்சு, செய்தித்தாள் விரிக்கணும். முதல்ல கதவைத் தொடாம, உள்தரையில மட்டும் வாளித் தண்ணியை மெதுவா ஊத்தணும். தாள் நனைஞ்சா வாட்டமோ மேடோ சரியில்ல. நனையலன்னா, அடுத்ததா கண்ணாடி மேல மட்டும் மக்குல ஊத்தணும். இப்போ நனைஞ்சா பட்டைதான் குற்றவாளி. எங்க வீட்டுல ரெண்டு தடவையும் நனைஞ்சது. "ரெண்டு வியாதியும் இருக்கு தம்பி"ன்னு சிரிச்சார்.

கிரானைட் மேட்டைப் பெயர்த்தோம். ஷவர் பகுதித் தரையை உடைச்சு இறக்கி, மூலையை உருட்டி, சுவர்லயும் ஏத்தி வாட்டர்ப்ரூஃபிங் பூசினோம். வடிகாலைக் கதவுல இருந்து தள்ளி எதிர்ச் சுவரை ஒட்டி நீளமா வச்சு, தரை முழுக்க அதை நோக்கி வாட்டம். பூச்சு காய்ஞ்சதும் வடிகாலை அடைச்சு, தண்ணி கட்டி, ரெண்டு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் டைல்ஸ். வாசல்ல அரை அங்குலத்துக்கு ஒரு பட்டை, ரெண்டு பக்கமும் சரிவா, மேல்பக்கம் லேசா உள்ள சாய்ஞ்சு. ஷவர் தலை கதவைப் பார்த்து இருந்ததைப் பக்கச் சுவருக்கு மாத்தினோம். கதவுக்குப் புதுப் பட்டை, நாக்கு உள்ள பார்த்து. டவல் கம்பி இருந்த இடத்துல சுவர்ல நல்லா ஊன்றின பிடிமானக் கம்பி.

செலவு ஆச்சு. முதல்லயே செஞ்சிருந்தா அதுல பாதிதான் ஆகியிருக்கும். அந்த மூணு வாரமும் நாங்க பொதுக் குளியலறையில வரிசையில நின்னோம்.

இப்பவும் கதவைத் திறக்கும்போது நாலு சொட்டு வெளிய விழும். அதுக்கு ஒரு மிதியடி இருக்கு, போதும். இவ்வளவு படிச்ச பிறகு எனக்குப் புரிஞ்சது இதுதான். கதவு ஒரு அணை இல்ல. தெறிக்கிறதை மட்டும் பிடிச்சு நிறுத்துறது அதோட வேலை. தண்ணியைக் கொண்டு போறது தரையோட வேலை. தரை செய்ய வேண்டியதைக் கதவு மேல ஏத்தினோம். கதவு செய்யாததை மேடு மேல ஏத்தினோம். கடைசியில மொத்தச் சுமையும் ஆச்சி கால்ல வந்து விழ இருந்தது.

வேலை முடிஞ்சு முதல் நாள் ஆச்சி உள்ள போய்ட்டு வந்தாங்க. நான் கதவுக்கு வெளிய ஒரு சாக்குல நின்னுக்கிட்டே இருந்தேன். வெளிய வந்து, அந்த வாட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, "நம்ம அங்கணக்குழிதான்யா. கண்ணாடி வச்சிருக்க, அவ்வளவுதான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மழைக்காலம் முடிஞ்ச பிறகு கீழ் வீட்டு அங்கிள் மூணாவது தடவை பெயின்ட் அடிச்சார். செலவை நான் ஏத்துக்கிட்டேன். கறை திரும்பி வரல.

உங்க வீட்டுல வயசானவங்க இருந்தா, இன்னைக்கு ஒரு தடவை பாத்ரூம் வாசல்ல நின்னு கீழ பாருங்க. அந்த மேடு யாரை நினைச்சுக் கட்டினதுன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.